முப்பத்தைந்து வாட் மௌனம்

"இந்தச் சத்தத்துக்கு ஒரு வழி பண்ணுங்களேன்."

"இவ்வளவுதானே? பண்ணிட்டாப் போச்சு."

அமைதிக்காகப் பாடுபட்ட பெருமக்களின் வரலாற்றை யாராவது எழுதினால், அதில் ஒரு முழு அத்தியாயத்தை இந்த இரண்டு வரிகளுக்கு ஒதுக்க வேண்டும். போரை நிறுத்தியவர்கள் உண்டு. பகையைத் தீர்த்துவைத்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் சுற்றிய உள்ளங்கை அகல விசிறியை ஒழித்துக்கட்டுவதற்காக, மாதக்கணக்கில், தொண்டை கட்டக் கட்டப் பேசிய மகான் ஒருவர்தான். நிசப்தத்துக்காக இவ்வளவு சத்தம் போட்டவர் முன்பு பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தால் அக்கம்பக்கத்தார் தாங்க மாட்டார்கள்.

அந்த மகானின் மனைவிக்கு மேற்படி உரையாடல் எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. காரணம், அதில் மூன்றாவதாக ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அது அவள் வாயிலேயே தங்கிவிட்டது. அன்று காலை அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "ஒரு வழி பண்ணுங்களேன்" என்று சொன்னாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அந்தக் கதவுக்கு..." என்று தொடங்கித் திரும்பிப் பார்த்தாள். சட்டையும் இல்லை, சட்டைக்காரரும் இல்லை. ஒரு கை மடிப்புக் கலையாமலும் ஒரு கை கசங்கியும் இருந்த சட்டையோடு அவர் தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு ஒளி.

'ஒரு வழி பண்ணுவது' என்பதற்கு நம் பேச்சில் இரண்டு அர்த்தம் உண்டு. அவள் முதல் அர்த்தத்தில்தான் கேட்டாள். அவர் இரண்டையும் நிறைவேற்றிக் கொடுத்தார்.

அவர் ஒரு கதவுக் கைப்பிடித் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவின் தலைவர். பித்தளைக் கட்டி முதல் பென்சில் வரை அவர் கையெழுத்தில்லாமல் எதுவும் உள்ளே வராது. கையெழுத்தோடும் சீக்கிரத்தில் வராது. முதலில் 'தேவை ஆய்வு', பிறகு 'மாதிரி வரவழைத்தல்', பிறகு 'ஒப்பீடு', அதன் பிறகு 'மறு ஒப்பீடு' என்று அவர் வகுத்த நடைமுறை அப்படிப்பட்டது. ஒருமுறை பென்சில் வாங்கும் கோப்பு மறு ஒப்பீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அலுவலகம் முழுவதும் பேனாவுக்கு மாறிவிட்டது. 'வாங்காமலே தேவையைத் தீர்த்தவர்' என்று முதலாளி ஆண்டு விழா மேடையில் பாராட்டினார். அன்றிலிருந்து அவருக்குக் 'கொள்முதல்' என்றே பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்தது. அவருக்கும் அதில் பெருமைதான்.

அவள் கல்யாணத்துக்கு முன்பு ஒரு பெரிய மருத்துவமனையில் ஒலிபெருக்கியில் பேசும் வேலை பார்த்தவள். 'குழந்தைகள் பிரிவு மருத்துவர் உடனே வரவும்' என்று அவள் சொன்னால், மருத்துவர் வருவதற்கு முன்பே குழந்தைகள் அழுகையை நிறுத்திவிடும் என்பார்கள். பிறகு அந்த வேலைக்கு ஒரு இயந்திரக் குரல் வந்தது. அவள் வீட்டுக்கு வந்தாள். 'சாப்பாடு ரெடி' என்பதையும் 'டாக்ஸி வந்தாச்சு' என்பதையும் அதே குரலில் பல வருஷம் அறிவித்துவந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒலிநூல் நிலையம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய நாவல் ஒன்றை வாசித்துப் பதிவு செய்ய ஆள் தேவை. மைக்கை அவர்களே அனுப்புவார்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பதிவு செய்து அனுப்பினால் போதும். முதல் மூன்று அத்தியாயங்கள் மாதிரிக்கு. அது நன்றாக வந்தால் முழு நாவலும் அவளுக்கு. அதன் பிறகு வருகிற புத்தகங்களும். மூன்று தலைமுறைக் குடும்பக் கதை. கதாநாயகி கடைசி அத்தியாயம் வரை வாயைத் திறப்பதில்லை. படித்துப் பார்த்தபோது அவளுக்கு அந்தப் பாத்திரத்தோடு உடனே ஒட்டிப்போயிற்று.

வீட்டில் ஒரு சின்ன அறை இருந்தது. அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. முதல் மாதிரியைக் கேட்டுவிட்டு நிலையத்து மேடம் போன் செய்தார்.

"குரல் தேன் மாதிரி இருக்குங்க. ஆனா பின்னாடி யாரோ மாவு அரைக்கறாங்களே?"

"அது கம்ப்யூட்டருங்க."

"ஓ. அப்புறம் குக்கர் விசில், டி.வி.யில செய்தி, யாரோ 'என் டவல் எங்க'ன்னு கேக்கறது, அதெல்லாமும் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் வருதுங்களா?"

அதெல்லாம் வந்தது கதவு வழியாக. அந்த அறையின் கதவுக்குக் கைப்பிடி கிடையாது. கைப்பிடி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை இருந்தது. தாழும் அந்தக் கைப்பிடியோடு சேர்ந்தது என்பதால் கதவு எதிலும் பிடித்துக்கொள்ளாது. சாத்தினால், கொஞ்சம் யோசித்துவிட்டு, தானாகத் திறந்துகொள்ளும். மகள் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் அந்தக் கைப்பிடி லேசாக ஆடியது. "இதை நாளைக்கே மாத்திடலாம்" என்று கொள்முதல் அதைக் கழற்றி, அதே அளவில் இன்னொன்று எடுப்பதற்காக 'மாதிரி' என்று தொழிற்சாலைக்கு எடுத்துப்போனார். மகள் இப்போது கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். மாதிரி இன்னும் பரிசீலனையில் இருந்தது.

அவள் ஏன் கேட்கவில்லை என்று கேட்கலாம். ஊருக்கெல்லாம் கைப்பிடி செய்கிற கம்பெனியில் தலைமைப் பதவி வகிப்பவரிடம் போய், உங்கள் வீட்டுக் கதவுக்குக் கைப்பிடி இல்லை என்று எப்படிச் சொல்வது? மனிதர் முகம் வாடிப்போகும். அவர் முகம் வாடினால் அவளால் பார்க்க முடியாது. கல்யாணமான புதிதிலிருந்தே அந்தப் பலவீனம் அவளுக்கு உண்டு. அதனால் ஒரு பழைய துண்டைச் சுருட்டிக் கதவுக்கடியில் செருகிவைத்துவிட்டு, சத்தத்தைப் பற்றிப் பொதுவாகப் பேச்செடுத்தால் அவருக்கே கதவு ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தாள். அவருக்கு ஞாபகம் வந்தது கம்ப்யூட்டர்.

அன்று சாயங்காலமே 'குறைமின் நிசப்தச் செயலித் தேர்வுக் குழு' உதயமாயிற்று.

"சுருக்கமா கு.நி.செ.தே.கு." என்றார் கொள்முதல்.

"தும்மற மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள்.

தலைவர், அவர். தொழில்நுட்ப உறுப்பினர், அவளுடைய தம்பி. கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் விற்பனைப் பிரிவில் இருப்பவன். எதை எடுத்தாலும் அதைவிடப் பெரியது ஒன்று உண்டு என்று சொல்லக் கற்றவன். பயனாளர் பிரதிநிதி, மகள். அவள் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உண்மையில் அதைப் பயன்படுத்தப் போகிறவள் 'சிறப்பு அழைப்பாளர்'. சிறப்பு அழைப்பாளருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது, டீ கொண்டுவரும் பொறுப்பு உண்டு.

கூட்டங்கள் ஹாலில் நடந்தன. ஹால், அந்தச் சின்ன அறையை ஒட்டியே இருந்தது.

"முதல்ல பிரச்சினையோட வேரைப் பிடிக்கணும்" என்று தலைவர் தொடக்க உரை ஆற்றினார். "சத்தம் எங்கேர்ந்து வருது? விசிறியிலேர்ந்து. விசிறி ஏன் சுத்துது? செயலி, அதான் ப்ராசஸர், சூடாகறதால. செயலி ஏன் சூடாகுது? மின்சாரத்தைக் குடிக்கறதால. ஆக, குறைவா குடிக்கற செயலியாப் பாத்து ஒரு சின்னப் பெட்டிக்குள்ள வச்சா, சூடு கம்மி. சூடு கம்மின்னா விசிறியே தேவையில்ல. விசிறி இல்லன்னா நிசப்தம். இதுதான் தத்துவம்."

இந்தத் தத்துவத்தில் ஒரு குறையும் இல்லை. அங்கேயே எழுந்துபோய் ஒன்றை வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மகான்கள் அப்படியெல்லாம் நம்மைக் கைவிடுவதில்லை.

"மாமா, அப்ப அறுபத்தஞ்சு வாட் எடுத்துடுங்க. பதினாறு கோர். பறக்கும்" என்றான் தம்பி.

"எதுக்கு மாப்ளே பறக்கணும்? சத்தம் போடாம உட்காரணும். முப்பத்தஞ்சு வாட் போதும்."

"முப்பத்தஞ்சு வாட் எல்லாம் குழந்தைங்க கால்குலேட்டருக்கு மாமா."

"அறுபத்தஞ்சு வாட்டை வச்சுக்கிட்டு என்ன, ராக்கெட்டா விடப் போறோம்?"

"நாளைக்கே அக்கா ராக்கெட் விடணும்னா?"

அக்கா டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "கோர்னா என்னங்க?" என்று கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. மனைவி ஒன்றைக் கேட்டு அதற்குப் பதில் சொல்லக் கிடைக்கும் சந்தர்ப்பம், அவருக்குச் சம்பள உயர்வைவிட உவப்பானது. "அப்படிக் கேளும்மா. செயலிக்குள்ள எத்தனை பேர் வேலை செய்யறாங்கங்கற கணக்குதான் கோர். நாலு கோர்னா நாலு ஆள். லேசான வேலைன்னா ஒரே ஒரு ஆள் செய்வாரு, மத்த மூணு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பாங்க. அதுலதான் மின்சாரம் மிச்சம்."

அவள் சோபாவைப் பார்த்தாள். கணவர், தம்பி, மகள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"அப்ப நம்ம வீடும் நாலு கோர்தான்" என்றாள்.

மகள் டீயைச் சிந்திவிட்டாள். சிறப்பு அழைப்பாளரின் கருத்து என்பதால் குழு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"நல்ல கேள்விதான் கேட்டே. உனக்கு எத்தனை கோர் வேணும்னு யோசிச்சு எழுத்துல குடு" என்றார் தலைவர். "பயன்படுத்தறவங்களைக் கலந்துக்காம நான் எதையும் வாங்கறதில்ல."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும்... அந்தக் கதவுக்கு மட்டும்..."

"கதவு இருக்கட்டும்மா. கதவு எங்க ஓடிப்போகுது? முதல்ல கோர்."

கதவு எங்கும் ஓடிப்போகவில்லை. அது பாட்டுக்குத் திறந்துகொண்டது.

இரண்டாம் கட்டம், 'தேவை ஆய்வு'. சத்தத்தை அளப்பதற்காக அவர் கைபேசியில் ஒரு செயலியை இறக்கினார். ஒரு செயலியின் சத்தத்தை அளக்க இன்னொரு செயலி. நம் மொழி இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததன் தொலைநோக்கு அன்றுதான் விளங்கியது. கைபேசியை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்தபடி, விளக்கேந்தி நடப்பவர்போல வீடு முழுக்க நடந்தார். பிரிட்ஜ் 'கவலைக்கிடம்' என்று அறிவிக்கப்பட்டது. சுவர்க் கடிகாரம் 'தேவையற்ற தொடர் ஓசை' என்ற குற்றச்சாட்டில் பேட்டரி இழந்தது. அதன்பிறகு மூன்று நாள் குடும்பமே எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஹால் மின்விசிறி நிறுத்தப்பட்டு, வியர்வையோடு அளவீடு தொடர்ந்தது. சமையலறையில் அவள் கையிலிருந்த வளையல் 'மிதமானது, ஆனால் அலட்சியப்படுத்த இயலாது' என்று தேறியது.

"ரொம்ப வேடிக்கையா இருக்கு மாப்ளே" என்றார் தம்பியிடம். "எல்லாத்தையும் நிறுத்திட்டேன். ஆனாலும் முள்ளு அப்பப்ப எகிறுது. எங்கேர்ந்து வருதுன்னே தெரியல."

"நீங்க பேசும்போதுதான் மாமா எகிறுது."

"நான் பேசாம எப்படிய்யா அளவைச் சொல்றது?"

இந்தக் கேள்விக்கு அறிவியலில் இன்றுவரை பதில் இல்லை.

வாட், வாட் என்று வீட்டையே வாட்டிய அந்த மாதங்களில் அவர் கற்றதற்கு அளவில்லை. காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சோகமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுங்க?" என்று அவள் பயந்துபோனாள்.

"ஏமாத்திட்டாங்கம்மா. முப்பத்தஞ்சு வாட்னு அட்டையில போட்டிருக்கான். ஆனா அது சாதாரண நேரத்துலதானாம். வேலை அதிகமாச்சுன்னா திடீர்னு நூறு வாட் வரைக்கும் போயிடுமாம். கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா அடங்கிடுமாம்."

"அப்பா மாதிரியே" என்றாள் மகள்.

"நான் எப்படீ நூறுக்குப் போனேன்?" என்று அவர் நூறுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அடங்கினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு நெகிழ்ச்சியும் வந்தது. வேறு எந்தக் கணவர் மனைவி வேலைக்காக இப்படி ஊண் உறக்கம் மறந்து அலைவார்? அலுவலக நண்பர்களிடமெல்லாம் "எங்க வீட்ல அவங்க நாவல் வாசிக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிவதாக அவளுக்குத் தகவல் வந்திருந்தது. ஆனால் அவள் வாசிப்பதை அவர் ஒருநாளும் நின்று கேட்டதில்லை. நேரம் எங்கே இருக்கிறது? அவள் உள்ளே வாசிக்கும் நேரத்தில்தான் வெளியே கூட்டம். மதியம் எல்லோரும் வெளியே போனபிறகு வாசிக்கலாம் என்றால், அந்த நேரம் பார்த்துத் தலைவர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அட்டைப்பெட்டிகளை அளக்க வந்துவிடுவார். சின்ன அறையில் இப்போது விதவிதமான காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. 'அளவு மாதிரி'களாம். அவள் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினால் ஒரு பெட்டி தலையில் விழும்.

நிலையத்து மேடம் மறுபடி அழைத்தார்.

"எப்பங்க அனுப்பறீங்க?"

"செயலி இன்னும் முடிவாகலைங்க."

"யாரு முடிவாகல?"

"செயலி. இப்ப மறு ஒப்பீட்டுல இருக்கு."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கொள்முதல் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த அந்த நிசப்தம் ஒருவழியாகக் கிடைத்தது, போனில். பிறகு மேடம் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொருத்தங்களும் நல்லா வாசிக்கறாங்க. உங்க குரல்தான் எனக்கு மனசுல நிக்குது, அதனாலதான் நிறுத்தி வச்சிருக்கேன். இந்த மாசக் கடைசி. அதுக்கு மேல என் கையில இல்ல."

அன்று சாயங்காலம் அவர் காலணியைக் கழற்றுவதற்கு முன்பே அவள் போய் எதிரில் நின்றாள். "என்னங்க, மாசக் கடைசின்னு கெடு வச்சுட்டாங்க. நாவல் கையை விட்டுப் போயிடும். இது போச்சுன்னா இன்னொண்ணு வராதுங்க."

அவர் ஒரு காலில் காலணியோடு அப்படியே நின்றார். கண் கலங்கியதுபோல இருந்தது. "போக விடுவனா? ஒப்பீடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே வாங்கறேன்" என்றார். தம்முடைய வாழ்நாள் கொள்கையை ஒருவர் மனைவிக்காக இப்படி வாசலில் கழற்றிப் போட்டதைப் பார்த்த பிறகு எந்தப் பெண்ணுக்குக் கதவைப் பற்றிப் பேச மனம் வரும்? அவள் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மற்றக் காலணியைத் தானே எடுத்து ஓரமாக வைத்தாள்.

வாங்கியேவிட்டார். நாலு கோர், முப்பத்தைந்து வாட், விசிறி இல்லாத சின்னப் பெட்டி. புத்தகம் ஒன்றைப் படுக்கவைத்த அளவுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வந்து அதைப் பொருத்தினான். பழைய கம்ப்யூட்டர் கடைசியாக ஒருமுறை உறுமிவிட்டு ஓய்வுபெற்றது. புதியதன் பொத்தானை அமுக்கினார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை.

"ஓடுதா மாமா?"

"ஓடுதுய்யா. அதான் விஷயமே." கொள்முதல் பெட்டியின் மேல் காதை வைத்தார். தம்பியும் வைத்தான். மகளையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னார்கள். பிறகு அவர் நிமிர்ந்து, தழுதழுத்த குரலில், "இந்தாம்மா, உன் நிசப்தம்" என்றார்.

அவளும் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். பொய் சொல்லக்கூடாது, அந்தப் பெட்டி உண்மையிலேயே அருமையான பெட்டி. நாலு கோரும் வாயைத் திறக்கவில்லை. அன்றே உட்கார்ந்து மூன்று அத்தியாயங்களையும் வாசித்தாள். துண்டைச் செருகி, கதவுக்குப் பின்னால் ஒரு காலிப் பெட்டியை முட்டுக்கொடுத்து, ஓட்டையில் ஒரு கைக்குட்டையைத் திணித்து, மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் பழைய மருத்துவமனைக் குரல் அவளைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. ஹெட்போன் காதை அடைத்திருக்க, சொல்லுக்குச் சொல் அவள் மூச்சு அடங்கி நடந்தது. கதாநாயகி முற்றத்தில் நிற்கிறாள். எல்லோரும் அவளைக் கேள்வி கேட்கிறார்கள். அவள் பதில் பேசவில்லை. அந்த இடத்தில் வாசிக்கிறவளுக்கே கண்ணில் நீர் வந்தது. காலிப் பெட்டி மெதுவாக நகர்ந்ததையும், கைக்குட்டை நழுவி விழுந்ததையும், கதவு வழக்கம்போல யோசித்துவிட்டுத் திறந்துகொண்டதையும் அவள் கவனிக்கவில்லை. கெடு நெருங்கிய அவசரத்தில், ஒருமுறைகூடப் போட்டுக் கேட்காமல் அன்றே அனுப்பியும்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து மேடம் அழைத்தபோது எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். "ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு" என்று கொள்முதல் சைகை காட்டினார். மாதக்கணக்கில் உழைத்தவர், தீர்ப்பைத் தம் காதால் கேட்க வேண்டும் அல்லவா? அவள் போனை மேசைமேல் வைத்தாள்.

"கேட்டேங்க. மாவு மெஷின் சுத்தமாப் போயிடுச்சு. அவ்வளவு துல்லியம். ஊசி விழுந்தாக் கேக்கும்."

கொள்முதல் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"அதனாலதான் மத்ததும் துல்லியமாக் கேக்குது" என்றார் மேடம்.

"மத்ததுன்னா?"

"அந்த முற்றத்துக் காட்சி இருக்குல்ல? 'அவள் பதில் பேசவில்லை. நெடுநேரம் மௌனமாக நின்றாள்'னு நீங்க உருகி வாசிச்சிட்டு ஒரு இடைவெளி விடறீங்க. அந்த இடைவெளியில ஒரு ஆண் குரல், 'முப்பத்தஞ்சு வாட்!' அப்படீங்குது."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் எதிர்வீட்டுக்காரரை உட்காரவைத்து, சத்தமில்லாத கம்ப்யூட்டரின் மகிமையை ஒன்றரை மணி நேரம் கொள்முதல் விளக்கியது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

"இன்னொரு இடத்துல, கதாநாயகியோட மாமனார் சாகக்கிடக்கறார். 'அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்'னு நீங்க வாசிக்கறீங்க. உடனே, 'விசிறியே கிடையாது சார், தொட்டுப் பாத்தாக்கூட சூடே இல்ல'ன்னு வருது. நாங்க இங்க அஞ்சு பேர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம்."

அவள் போனருகே குனிந்தாள். "மறுபடி வாசிச்சு அனுப்பறேங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க. அதுக்கு மேல நாவல் அவங்களுக்குப் போயிடும். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்." மேடம் ஒரு கணம் தயங்கினார். "அப்புறம்... அந்தக் குரல் யாரோடதுங்க?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு கேக்கலாமா? எங்ககிட்ட மின்சாதனப் பராமரிப்புக் கையேடு ஒண்ணு ஒலிநூலா வருது. ஆயிரம் பக்கம். வாசிக்க ஆளே கிடைக்கல, எல்லாரும் பத்தாவது பக்கத்துல தூங்கிடறாங்க. இவர் குரல்ல வாட்டைப் பத்திச் சொல்லும்போது ஒரு பக்தி இருக்கு பாருங்க. அவருக்கு விருப்பமான்னு கேட்டுச் சொல்லுங்க."

போன் அடங்கியது. வீட்டில் சற்று நேரம் அசல் நிசப்தம் நிலவியது. அதை அளக்க யாருக்கும் தோன்றவில்லை.

மகானின் முகத்தில் எழுந்த உணர்ச்சிகளை வரிசைப்படுத்துவது கடினம். முதலில் குற்ற உணர்ச்சி. அது வந்ததுதான், மறுக்கக்கூடாது. "அடடா, நான் பேசினது விழுந்திடுச்சா" என்று உண்மையாகவே வருந்தினார். அந்த வருத்தத்தின் பின்னாலேயே இன்னொன்று மெல்ல எட்டிப் பார்த்தது.

"பக்தின்னு சொன்னாங்கல்ல?" என்றார்.

"சொன்னாங்க மாமா" என்றான் தம்பி.

"ஆயிரம் பக்கம். பொறுப்பான வேலை. சும்மா ஒத்துக்க முடியாது, பரிசீலிக்கணும்." எழுந்து நடக்க ஆரம்பித்தார். "முதல்ல மைக். இப்ப இருக்கறது பொம்பளைக் குரலுக்கு ஏத்த மைக்கா, பொதுவான மைக்கான்னு பாக்கணும். மாப்ளே, அடுத்த வாரம் குழுவைக் கூட்டணும். அந்த ரூமை... இங்க பாரும்மா, அந்த ரூமைக் காலையில நான் எடுத்துக்கறேன், காலையிலதான் எனக்குக் குரல் கட்டாம இருக்கும். மத்தியானத்துல உனக்கு. என்ன சொல்றே? உன்னைக் கலந்துக்காம நான் எதையும் பண்றதில்ல."

அவள் சின்ன அறையைத் திரும்பிப் பார்த்தாள். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே அந்தச் சின்னப் பெட்டி மேசைமேல் உட்கார்ந்திருந்தது. மிகக் குறைவாக எடுத்துக்கொண்டு, சூடாகாமல், சத்தம் போடாமல், தான் ஓடுவதே யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குணங்களைத்தான் இத்தனை மாதமாக அவர் ஊரெல்லாம் புகழ்ந்தார். முதல் தடவையாக அந்தப் புகழ்ச்சி அவளுக்குச் சுருக்கென்றது.

மேசைமேல் இருந்த டீத் தட்டை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தாள். அவன் திடுக்கிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"என்னங்க, கொஞ்சம் உட்காருங்க."

அதே மருத்துவமனைக் குரல். மருத்துவர்களை ஓடிவரச் செய்த குரல். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை கோர் வேணும்னு என்னை எழுத்துல கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"ஆமா. நீ குடுக்கவே இல்ல."

"வாயாலயே சொல்லிடறேன். எனக்கு ஒரே ஒரு கோரிக்கை."

"சொல்லும்மா" என்றார். சிறப்பு அழைப்பாளர் குழுவின் முன் கோரிக்கை வைப்பது அதுவே முதல் தடவை என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்துகொண்டது.

"உங்க ஆபீஸ் மேசையில பேப்பர் பறக்காம இருக்க ஒரு பித்தளைக் கைப்பிடி வச்சிருக்கீங்க. ஆண்டு விழாவுக்கு வந்தப்பப் பாத்தேன். அதுல ஒரு சின்ன நசுங்கல் இருக்கும். நம்ம பாப்பா சின்னவளா இருந்தப்ப சைக்கிளைக் கொண்டுபோய் முட்டினது."

கொள்முதல் வாயைத் திறந்தார். அதிலிருந்து ஒரு வாட்கூட வரவில்லை.

"அது 'மாதிரி' இல்லைங்க. அது நம்ம வீட்டுது. ஒப்பிட வேண்டாம், அளக்க வேண்டாம், குழுவைக் கூட்ட வேண்டாம். நாளைக்கு வரும்போது அதைக் கொண்டு வாங்க. அந்தக் கதவுல மாட்டுங்க. மாட்டிட்டு, நீங்க வெளியில நின்னு சாத்துங்க."